நாற்றும் நடவும்

பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்ப் பந்தயத் திடல் ஒன்று 1990-ம் வருஷம் முதல் இருக்கிறது. அங்கே அடிக்கடி போய்வரும் பையன் ஒருவன் நமது கணித வகுப்பில் உண்டு.

கார்த்திகை மாதத்தில் நாம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கினோம். பள்ளிக்கூடத்தின் கட்டளை அது, நாமும் ஆட்சேபிக்கவில்லை. பையன் சிரித்தான். "பந்தயக் கோஷ்டிகள் செய்வதும் இதுதான், ஸார்!" என்றான்.

விசாரித்தோம். பணம், ஆள், காலம் மூன்றுக்கும் வரம்பு உண்டல்லவா? ஆகையால் இவ்வருஷ வண்டியைச் செப்பனிடுவதா, அடுத்த வருஷ வண்டியை அமைப்பதா என்று பார்முலா-1 கோஷ்டிகள் தவிக்குமாம். 2008-ல் ஹோண்டா கோஷ்டி தோல்விகளைப் பொறுத்துக்கொண்டு மறுவருஷ வண்டியில் முனைந்தது. வருஷ முடிவில் ஹோண்டா கம்பெனியே விலகிற்று. ஆயினும், கோஷ்டித் தலைவர் ராஸ் ப்ரானின் பெயரில் ஓடிய அவ்வண்டி 2009-ல் இரு பட்டங்களையும் வென்றது. அதே 2008-ல் பி.எம்.டபிள்யூ. கோஷ்டியின் குபிட்ஸா கனடாவில் வென்று, பட்டப் போட்டியில் முதலிடத்தில் நின்றார். அவருடைய கோஷ்டியும் மறுவருஷத்தையே நாடிற்று. 2009-ல் ஒரு வெற்றிகூட இல்லை!

"நாம் எந்தக் கோஷ்டி, ஸார்?" என்றான் பையன்.

அன்றிரவு யோசித்தோம். 2009-ல் பந்தய வண்டிகளின் விதிகள் பெரிதும் மாறின. பழைய வண்டியைக் கைவிட்டதில் நஷ்டம் அதிகமில்லை. கணிதத்தின் விதிகளோ மாறுவதில்லை. பதினொன்றில் வகை நுண்கணிதம் கற்காதவன் பன்னிரண்டில் அதை எங்ஙனம் பிரயோகிப்பான்? நாற்று விடாமல் நடவுக்கு இறங்குபவன் உண்டோ?

மறுநாள் காலை தலைமையாசிரியரிடம் சொன்னோம்; அவர் முகம் சுளித்தார். வகுப்பிற்குச் சென்று, மூடிய புத்தகத்தைத் திறந்தோம்.