இங்கிலீஷுக்கு 'ங்க' உண்டுங்களா?

'வீ ஆர் எ லிட்டில் கன்சர்ன்ட் அபவுட் த ஷேடு.'

இங்கிலாந்தில் இருக்கும் ஒரு பையரிடமிருந்து திருப்பூருக்கு வந்த மெயிலில் இருந்த வாக்கியம் இது. 'துணியின் நிறம் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் கவலை' என்று அர்த்தம். இதில் தெரியாத வார்த்தை ஏதாவது இருக்கிறதா? ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட அர்த்தம் சொல்லிவிடும். ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் பெரியப்பா மகனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். 'கொஞ்சம்'தானே? 'நோட்டட், தேங்க்ஸ்' என்று பதில் போட்டார். சாயப்பட்டறைக்கு போன் அடித்து, "கலரைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றார். வேலை ஓட ஆரம்பித்துவிட்டது.

பிரிட்டிஷ்காரர்கள் மெயிலில் 'கொஞ்சம் கவலை' என்று எழுதினால், பல நேரம் அதற்கு 'இந்த நிறம் ஆகவே ஆகாது, உடனே நிறுத்துங்கள்' என்று பொருள். அது தெரியவந்தபோது சரக்கு தைத்து, அட்டைப்பெட்டிக்குப் போகும் நிலையில் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷனில் நிறுத்திவிட்டார்கள். மறுபடி துணி, மறுபடி சாயம், மறுபடி தையல். கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போனது. செலவு கம்பெனி தலையில்.

அண்ணனுக்கு வேலை போகவில்லை. ஆனால், அந்தப் பையருக்கு அவர் எழுதும் எல்லா மெயிலையும் எம்.பி.ஏ. முடித்துப் புதிதாகச் சேர்ந்த 24 வயதுப் பையன் படித்துப் பார்த்து 'ஓகே' சொன்ன பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணனுக்கு இந்தத் தொழிலில் 11 வருட அனுபவம்.

"இங்கிலீஷ் தெரியாதவன்னு சொன்னாக்கூடப் பரவால்ல அம்மிணி. தெரியும். தெரிஞ்சும் இப்படி ஆயிப்போச்சே, அதான்" என்றார் என்னிடம்.

தெரியாதவர்களுக்கு வழி காட்ட இங்கே ஆள் நிறைய. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் '30 நாளில் சரளமாக ஆங்கிலம்' போர்டுகள் வரிசையாகத் தெரியும். தெரிந்தவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. மெயில் எழுதுவார்கள், போனில் பேசுவார்கள், படத்தை சப்டைட்டில் இல்லாமல் பார்ப்பார்கள். அதற்கு மேல் ஓர் அங்குலம் நகராது. சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளில், கரூர் ஜவுளி ஆபீஸ்களில், கணபதி பம்ப் கம்பெனிகளில் இப்படிப் பாதி வழியில் நிற்பவர்கள் எத்தனையோ பேர்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. மொழித்திறனை ஏ1-ல் தொடங்கி சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. அண்ணன் ஆன்லைனில் ஒரு தேர்வு எழுதிப் பார்த்தார். பி2 என்று வந்தது, அதாவது நான்காவது படி. அங்கிருந்து அடுத்த படியான சி1-க்கு ஏற சுமார் 200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் கணக்கு. தினம் ஒரு மணி நேரம் என்றாலும் ஆறு மாதத்துக்கு மேல். '30 நாள்' போர்டு எழுதியவர் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

முதலில் நானும் அவரும் வார்த்தைகளில்தான் பிரச்னை என்று நினைத்தோம். நாளிதழையும் நாவலையும் அகராதி இல்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் என்ற மொழியியல் அறிஞர் 2006-ல் கணக்கிட்டிருக்கிறார். அண்ணன் செல்போனில் ஒரு ஆப் இறக்கி தினம் பத்து வார்த்தை மனப்பாடம் செய்தார். 'யுபிக்விட்டஸ்', 'எஃபெமரல்' எல்லாம் வந்தது. ஆனால், அந்த மெயிலில் அவரைக் கவிழ்த்தது 'எ லிட்டில்' என்ற சின்ன வார்த்தை. அதை எந்த ஆப்பும் கடினச் சொல் பட்டியலில் சேர்க்காது.

பிறகு ஒருநாள் அவர் பையரோடு வீடியோ காலில் பேசுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. 'சென்ட் மீ த கமென்ட்ஸ் டுடே', 'டெல் மீ த க்வான்டிட்டி', 'யூ ஹேவ் டு அப்ரூவ் ஃபர்ஸ்ட்'. எல்லாமே சரியான வாக்கியங்கள்தான். ஆனால், அதைக் கேட்கும்போது எனக்கு என்னவோ செய்தது. ஏனென்றால், எங்கள் அண்ணன் யாரிடமும் அப்படிப் பேசக்கூடியவர் இல்லை. டீக்கடையில்கூட "ஒரு டீ கொடுங்க" என்றுதான் கேட்பார். "சரிங்க", "ஆமாங்க", "இல்லீங்க" இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. கொங்குக்காரர்கள் சண்டை போடும்போதுகூட "என்னங்க இப்படிப் பண்றீங்க" என்பார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வது சும்மா இல்லை.

ஆங்கிலத்துக்குப் போனதும் அந்த 'ங்க' எங்கே போனது?

நம் தமிழில் மரியாதை வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. 'சொல்லு' என்பதோடு 'ங்க' ஒட்டினால் போதும். ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. அங்கே மரியாதை பெரும்பாலும் வாக்கியத்தின் தலையில் இருக்கிறது. 'குட் யூ', 'வுட் இட் பி பாசிபிள்', 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப்'. வாலைத் தேடி, அது இல்லை என்றதும் மொட்டையாகப் பேசிவிடுகிறோம். 'ப்ளீஸ் சேர்த்தால் ஆச்சு' என்று நினைக்கிறோம். 'ப்ளீஸ் சென்ட்' என்பதும் கட்டளைதான், கொஞ்சம் பவுடர் பூசிய கட்டளை.

இன்னொன்று கவனித்தேன். 'ஐ வாஸ் வொண்டரிங்' என்பது இறந்தகால வாக்கியம். இப்போது, இந்த நிமிடம் கேட்கும் கேள்விக்கு ஏன் இறந்தகாலம்? எதிரில் இருப்பவரை நெருக்காமல் ஒரு அடி தள்ளி நிற்பதற்குத்தான். நாமும் அதைத்தான் வேறு விதத்தில் செய்கிறோம். எதிரில் ஒரே ஆள் இருந்தாலும் 'நீங்கள்' என்று பன்மையில் அழைக்கிறோம் அல்லவா? தமிழ் ஒருமையைப் பன்மையாக்கி மரியாதை காட்டுகிறது. ஆங்கிலம் நிகழ்காலத்தை இறந்தகாலமாக்கிக் காட்டுகிறது.

'யூ' என்ற சொல்லில் மரியாதையே இல்லை, நீயும் நீங்களும் ஒன்றுதான் என்று ஆங்கிலத்தைக் குறை சொல்வார்கள். உண்மை தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் 'நீ'-க்கு 'தௌ' என்று தனிச் சொல் இருந்தது. 'யூ' பன்மைக்கும், பிறகு மரியாதைக்கும் உரியதாக இருந்தது. 17-ம் நூற்றாண்டு வாக்கில் பொதுவழக்கிலிருந்து 'தௌ' மறைந்துபோனது. ஆங்கிலேயர்கள் தொலைத்தது 'நீ'யை. மிச்சம் இருப்பது 'நீங்க'தான்! இதைச் சொன்னபோது அண்ணன் முகத்தில் வந்த சிரிப்பு, அந்த விமான பில்லுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. அவருக்கு உதாரணம் எப்போதும் ஒருவர்தான், மயில்சாமி அண்ணாதுரை. பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் 1958-ல் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ., பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் எம்.இ., 1982-ல் இஸ்ரோ. 2008 அக்டோபர் 22-ல் சந்திரயான்-1 கிளம்பியபோது அதன் திட்ட இயக்குநர்.

"கோதவாடிக்காரர் தமிழ்ல படிச்சே நிலாவுக்கு அனுப்புனாரு. நீ ஒரு மெயிலுக்குத் தடுமாறுற" என்றார் பெரியப்பா.

"நிலா திரும்ப மெயில் போடாதுங்கப்பா" என்றார் அண்ணன்.

ஆங்கிலத்தின் மேல் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இருக்கும் உறவு வேடிக்கையானது. 1965 பிப்ரவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்த போராட்டத்தில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. பொள்ளாச்சி வட்டாரத்துக்காரரான மத்திய அமைச்சர் சி.சுப்பிரமணியம் அதே மாதம் ராஜினாமா கடிதம் கொடுத்தார். 1967-ல் சட்டத்திருத்தம் வந்து, மத்திய அரசு அலுவல்களில் ஆங்கிலம் நீடிப்பது உறுதியானது. அப்படி வைத்துக்கொண்ட மொழியில் நமக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். தாழ்மையாக 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று எழுதச் சொன்னார்கள். சமமான இருவர் பேசிக்கொள்ளும் பணிவை மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை. 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' எல்லாம் அந்தக் காலத்து ஆபீஸ் ஆங்கிலத்தின் மிச்சம். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊருக்குள் அது நன்றாகவே வேலை செய்கிறது. லண்டனில் படிப்பவருக்குத் தாத்தா காலத்துக் கடிதம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு நான் சொன்ன பயிற்சி ஒன்றே ஒன்று. டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் ஆங்கில ஏஜென்சி செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை என்பதால் அது எனக்குப் பழக்கம். நல்ல ஆங்கிலத்தில் ஒரு பத்தி எடுத்து அதைத் தமிழில் எழுத வேண்டும். மூலத்தை மூடிவைத்துவிட்டு, மறுநாள் அந்தத் தமிழை மட்டும் பார்த்துத் திரும்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இது பழைய முறை. முதலாம் எலிசபெத் மகாராணிக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம், லத்தீன் கற்க இதே வழியைத்தான் சொன்னார். அவர் இறந்த பிறகு 1570-ல் வெளிவந்த புத்தகத்தில் அது இருக்கிறது.

அண்ணன் அந்தப் பையரின் பழைய மெயில்களையே பாடமாக எடுத்துக்கொண்டார். ஒரு மெயிலில் 'வுட் இட் பி பாசிபிள் டு ஹேவ் த சாம்பிள்ஸ் பை ஃப்ரைடே?' என்று இருந்தது. தமிழில், 'வெள்ளிக்கிழமைக்குள்ள சாம்பிள் கிடைக்குங்களா?' என்று எழுதினார். மறுநாள் அதை ஆங்கிலமாக்கியபோது வந்தது 'ப்ளீஸ் சென்ட் த சாம்பிள்ஸ் பிஃபோர் ஃப்ரைடே.' இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். தமிழில் தானாக வந்து உட்கார்ந்த 'ங்களா', ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது காணாமல் போயிருந்தது. அதோடு, 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி, 'பிஃபோர்' என்றால் வியாழனோடு முடிந்தது. ஒரே வாக்கியத்தில் மரியாதையும் போய், ஒரு நாளும் போனது. திருப்பூரில் ஒரு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

"அதான் ஏ.ஐ. இருக்குதே, அது மெயில் எழுதிக் குடுக்கும்ல?" என்று அண்ணி கேட்டார். எழுதிக் கொடுக்கும்தான், அழகாகவே எழுதும். வீடியோ காலில் எதிரில் இருப்பவர் 'ஹ்ம்ம், இன்ட்ரஸ்டிங்' என்று சொல்லும் அந்த ஒரு விநாடியில் என்ன செய்வது?

அதற்காகத்தான் அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்து ரயில் ஏறி கோவைக்கு வருகிறார், ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்கு. 1924-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அமைப்பு அது. ஆசிரியர் என்று தனியாக யாரும் கிடையாது. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் குறிப்பெடுத்துக் கருத்து சொல்வார்கள். திடீரென்று ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். நேரம் பார்க்க ஒருவர், இலக்கணம் கவனிக்க ஒருவர். 'ஆ', 'ம்', 'ஸோ' என்று எத்தனை முறை இழுத்தார்கள் என்று எண்ணவே தனியாக ஒருவர் உண்டு. 'ஆ கவுன்டர்' என்று பெயர்.

போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். அன்னூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர், 60 வயதை நெருங்குபவர், சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். பேரனோடு வெளிநாட்டில் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவர். அவருக்கு வந்த தலைப்பு 'மழை'. ஒன்றரை நிமிடம் பேசினார். கிணறு நிறைந்தது, சோளத்தட்டு நனைந்தது, எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு 'ங்க'.

அன்று ஆ கவுன்டர் ஒரு கல்லூரி மாணவி. எழுந்து அறிக்கை வாசித்தாள். "ஆ நான்கு, ஸோ இரண்டு." பிறகு தயங்கினாள். "ங்க பதினொன்று. இதை எண்ணலாமா, வேண்டாமா?"

ஒருவர் எண்ண வேண்டும் என்றார். இலக்கணம் கவனித்தவர், அது இழுவை இல்லை, மரியாதை விகுதி என்றார். அண்ணன் கை தூக்கி, 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் வீ குட் லீவ் இட் அவுட்' என்றார். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் தடங்கல் இல்லாமல் வந்ததை அன்று அங்கே கவனித்தது நான் மட்டும்தான்.

விவாதம் முடியும் முன்பே அன்னூர்க்காரர் எழுந்துவிட்டார். "தட் இஸ் நாட் மிஸ்டேக்ங்க. தட் இஸ் ரெஸ்பெக்ட்ங்க."

அந்தப் பெண் குனிந்து, தாளில் பதினொன்றை அடித்துவிட்டுப் பதின்மூன்று என்று எழுதினாள்.