மெல்லிய குரலில் ஒரு நிக்காஹ்

காதல் என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிப்பவர் நம்மிடையே பலர். நாமும் நெடுநாள் அவர்களுள் ஒருவராகவே இருந்தோம். இளமையின் தடுமாற்றத்துக்கு இட்ட அலங்காரப் பெயர் அது என்பதே நமது எண்ணம். அவ்வெண்ணத்தைத் திருத்தியவர்கள் பாய் நெய்யும் ஒரு பெண்ணும், ஒரு தையற்காரரும், அவர்களுக்கிடையே பேச்சு வராத ஒரு பிள்ளையும் ஆவர்.

நாம் ஓதிக்கொடுக்கும் ஊர் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, மெல்லியதாகக் கீறி, ஓடும் நீரில் ஊறப்போட்டு, சாயமேற்றிப் பருத்தி நூற்பாவில் நெய்யும் பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே நெய்து தருவதும் இங்கு வழக்கம். நாம் சொல்லும் பெண் அப்படி எத்தனையோ மணமக்களின் பெயர்களை நெய்தவர். தம் பெயரை நெய்துகொள்ளாமலே முப்பதைக் கடந்தார். காரணம், மௌத்தாகிவிட்ட அவருடைய ராத்தாவின் மகன். பிள்ளையின் தகப்பனார் வளைகுடா நாட்டில் மறுமணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

2014-இல், ஆறு வயதில், அப்பிள்ளையை நமது மதரஸாவுக்கு அழைத்து வந்தார். முப்பது பிள்ளைகள் ஒருசேரக் குரலெடுத்து ஓதும் இடம் அது. சிறுவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறினான். தூணைச் சுற்றிச் சுற்றி ஓடினான். அதை அடங்காமை என்று கருதிப் பிரம்பை ஓங்கினோம். நான்காம் நாள், "பாடம் ஏறாத பிள்ளையம்மா, இனி அழைத்துவர வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஜின்னின் சேட்டை என்றார் சிலர். தாயத்துக் கட்டினார் சிலர். அந்தப் பெண் எவரையும் எதிர்த்துப் பேசவில்லை. திருநெல்வேலிக்குப் பேருந்தேறி மருத்துவரைப் பார்த்தார். ஆட்டிசம் என்னும் பெயரை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டார்.

தமிழில் இதனை மதியிறுக்கம் என்கிறார்கள். 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இதனை விவரித்தார். தாயின் அன்புக் குறைவே காரணம் என்று மேலை நாட்டு அறிஞர் சிலர் பல ஆண்டுகள் பழிசுமத்தியதும் உண்டு. அப்பழி பொய்யென்று பின்னர் நிலைநாட்டப்பட்டது. இது மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு; வளர்ப்பின் குற்றமன்று. நமக்குச் சாதாரணமான ஓசை அப்பிள்ளைகளில் சிலருக்குத் தாங்கவொண்ணா வேதனையாக இருக்கும். இதை நாம் அறிந்தது பிரம்பை ஓங்கிய பின்னர்தான்.

நெய்த பாய்களுக்கு ஓரத்தில் துணிக்கரை தைக்க அந்தப் பெண் ஒரு தையற்காரரிடம் செல்வது வழக்கம். பிள்ளையும் உடன் செல்வான். தையல் எந்திரத்தின் ஓசை கேட்டதும் வாசலிலேயே நின்று காதைப் பொத்துவான். முதல் நாளே அதைக் கண்டுகொண்ட அம்மனிதர் எந்திரத்தை நிறுத்தினார். அடுத்த முறையும் நிறுத்தினார். பிறகு அவர்கள் வரும் கிழமையில் அந்நேரத்துக்குக் கைத்தையல் வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். சிறுவன் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருப்பான். இவ்வாறு இரண்டாண்டுகள். இருவரும் பேசிய பேச்செல்லாம் பாயின் நீள அகலமும் கூலியுமே. காதல் என்று சொன்னோமே, அது இவ்வளவுதான்.

2018-இல் தையற்காரர் பெண் கேட்டு ஆளனுப்பினார். அவருடைய உம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, பிள்ளையைப் பிடிக்கவில்லை. ஏதேனும் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு வரட்டும் என்றார். ஊர்ப் பெரியவர்கள் நம்மிடம் வந்தனர். பிள்ளையை வளர்க்கும் பெண், அப்பிள்ளைக்கு அந்நியரான ஒருவரை மணந்தால் ஹளானத் என்னும் வளர்ப்புரிமை அடுத்தவருக்குப் போய்விடும் என்பது நான்கு மத்ஹபு அறிஞர்களின் பொதுக் கருத்து. கிதாபைப் புரட்டி அதைச் சொன்னோம். சொன்னதோடு நில்லாமல், அந்தப் பெண்ணின் வீட்டுக்கே சென்று, "பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறார், உன் வாழ்வைப் பார்த்துக்கொள் மகளே" என்று அறிவுரையும் கூறினோம்.

தறியை விட்டு எழாமலே அவர் விடையளித்தார்: "ஹஜ்ரத், நீங்கள் ஒருமுறை இவனை வேண்டாமென்றீர்கள். அன்றைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஒரு வீடு இருந்தது. நானும் வேண்டாமென்றால் அவன் எங்கே போவான்? எனக்கு நிக்காஹ் வேண்டாம்."

அன்றிரவு உறக்கம் வரவில்லை. திருக்குர்ஆனின் எண்பதாம் அத்தியாயத்துக்கு அபஸ என்று பெயர். கடுகடுத்தார் என்பது பொருள். கண்பார்வையற்ற தோழர் ஒருவர் நாடி வந்தபோது முகம் திருப்பியதற்காக நபி (ஸல்) அவர்களையே இறைவன் கண்டித்த வரலாறு அது. முப்பதாண்டுகளாக அதைப் பிறருக்கு ஓதிக்கொடுத்தவர் நாம். நமக்கு ஓதிக்கொள்ள மறந்திருந்தோம்.

மறுநாள் பிள்ளையின் தகப்பனாருடன் தொலைபேசியில் பேசினோம். பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறீர்களா என்றதும் பதறி, "சாச்சியே வைத்துக்கொள்ளட்டும்" என்றார். அப்போதுதான் தெளிவு பிறந்தது. ஒரு பிள்ளை எனக்கு என்று இருவர் கேட்கும்போது தீர்த்துவைக்கும் சட்டம் அது. இங்கே கேட்டு வந்தவர் ஒருவருமில்லை. பிள்ளையின் நலனுக்காக எழுதப்பட்டதை அவனைத் துரத்தும் கோலாக்கிவிட்டோம். ஜமாஅத்தாரைக் கூட்டி நமது பிழையை ஒப்புக்கொண்டோம்.

தையற்காரர் அதற்குள் தம் உம்மாவிடம், "அந்தப் பிள்ளை இங்கே வர வேண்டாமென்றால் நான் அங்கே போகிறேன்" என்று சொல்லிவிட்டிருந்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்ற ஏளனத்தையும் ஏற்றுக்கொண்டார்.

2019-இல் நிக்காஹ் நடந்தது, பெண் வீட்டிலேயே. ஒலிபெருக்கியில்லை; வெடியில்லை. குத்பாவை அவ்வளவு மெல்லிய குரலில் அதற்குமுன் நாம் ஓதியதில்லை. உள்ளறையில் சிறுவன் கோரைகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தான். காதைப் பொத்தவில்லை.

அற்புதம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. அவனுக்கு இன்றும் பேச்சு சில சொற்களே. மற்றப் பிள்ளைகள் கலைந்தபின், அசருக்குப் பிறகு, தனியாக நம்மிடம் வருகிறான். சில நாள் ஓதுவான்; பல நாள் தூணருகே அமர்ந்துவிட்டுப் போவான்.

இத்தகைய பிள்ளைகளை வளர்ப்போர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமையும் உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்துச் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்த பிறகு அந்தத் தாள் மிகவும் தேவைப்படும். அதற்கான விண்ணப்பத்தை நிரப்ப அந்தக் கணவனும் மனைவியும் நம்மிடம் வந்தார்கள். உறவு முறை என்ற இடத்தில் தமக்கு என்ன எழுதுவது என்று தையற்காரர் கேட்டார். வாப்பா என்று எழுதச் சட்டம் இடம் தராது. "சாச்சா என்று எழுதுங்கள், அவன் மனத்தில் எப்படி எழுதியிருக்கிறான் என்பது அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும்" என்றோம்.