காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரை: ஒரு பகல் நடை

பழவேற்காடு,
தை மாதம்.

அன்புள்ள நண்பா,

போடியில் இருந்துகொண்டு மேற்கு மலையையே நடந்து தீர்த்தவன் நீ. நெடுநடை என்றால் உனக்கு மலையும் சோலையும்தான். சென்னைக்கு வடக்கே, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைத் தாண்டியதும், காடும் கழியும் கடலுமாக ஒரு பகல் முழுக்க நடக்க வழி இருக்கிறது என்றால் நம்புவாயா? இன்று நடந்தேன். சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து வடக்கே பழவேற்காடு வரை ஒரு நீண்ட மணல்திட்டு கிடக்கிறது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவில் காட்டுப்பள்ளி. தென்பகுதியைத் துறைமுகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் வந்தது. இன்று அதற்குக் காமராசர் துறைமுகம் என்று பெயர். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அங்கே கப்பல் கட்டும் தளம் வந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் வேறிடத்துக்குப் போக வேண்டியிருந்தது. பக்கத்திலேயே 2010-இல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தண்ணீர் தருவதற்காகக் கட்டியது. மீஞ்சூரிலிருந்து வரும் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் வந்து சேர்ந்தேன். துறைமுக மதில் முடிகிற இடத்தில்தான் நடை தொடங்குகிறது.

தொடங்கியதும் சவுக்குத் தோப்பு. உள்ளே போனதும் லாரிச் சத்தம் அடங்கி, காற்றின் இரைச்சல் மட்டும் காதில் விழுந்தது. தோப்பு முடிந்தால் தாழம்புதர், பனை, பிறகு வெட்டவெளி மணல்மேடு. மேட்டின் மேல் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கிறது. ராவணன் மீசைப் புல்லின் காய்ந்த உருண்டைகள் காற்றில் உருண்டு ஓடுகின்றன. இந்தக் கொடியும் புல்லும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேட்டுக்கு அடியில் மழைநீர் தங்குகிறது. அதனால்தான் உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுகிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. அதை நினைத்தால் இந்த மணல்மேட்டின் அருமை விளங்கும்.

மேற்கே திரும்பினால் கழி. ஓரத்தில் உமரி சிவந்து கிடக்க, சேற்றில் கண்டல் செடிகள். இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். விரலில் இறால் பட்டதும் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். தலை நிமிர்வதே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழியில் பரவியது உனக்கு நினைவிருக்கும். செய்தியில் அது ‘எண்ணெய்க் கசிவு’. கையையும் வாயையும் அந்தத் தண்ணீருக்குக் கொடுத்துப் பிழைப்பவர்களுக்கு அது என்னவென்று இவர்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம் என்று ஊர்கள் வருகின்றன. கரையில் வலை சீர் செய்துகொண்டிருந்த பெரியவரிடம், முன்பு வலை உலர்த்திய இடம் எது என்று கேட்டேன். கையை நீட்டிக் கடலுக்குள் காட்டினார். காரணம் எளிது. இந்தக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்பு நீட்டினால் மணல் தெற்கிலேயே தங்கிவிடும். வடக்கே அலை அரித்துக்கொண்டே போகும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரை கரைந்ததும் இப்படித்தான். நூறாண்டுக்கு மேல் கண்ணெதிரே நடந்த பாடம் இது.

அப்படியிருந்தும், காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்க அதானி குழுமம் திட்டம் வைத்தது. அதில் ஒரு பகுதி கடலைத் தூர்த்து எடுப்பது. மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். 2021 ஜனவரிக்கும் 2023 செப்டம்பருக்கும் அறிவித்த கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போயின. திட்ட வரைபடத்தில் பார்த்தால் இந்தக் கரை காலி மணல். ஆனால் பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதற்கே ‘பாடு’ என்று தலைமுறை தலைமுறையாக வரும் முறை இருக்கிறது. இங்கே கேட்பாரற்ற இடம் எது?

மாலையில் பழவேற்காடு வந்துவிட்டேன். சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். தூரத்துத் தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்தன. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் இது. கோட்டை அழிந்துவிட்டது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. கடல் வணிகத்தின் பெரும் வல்லரசு இங்கே வந்து போய்விட்டது. மீனவரும் இருளரும் இன்னும் இருக்கிறார்கள்.

நடந்தபோதெல்லாம் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் என் நினைவில் இருந்தது. அது ஒரு மேட்டுப் புல்வெளி. பறவை வேட்டைக்காக நிலச்சுவான்தார்கள் அதை அடைத்து வைத்திருந்தார்கள். 1932-இல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, தடையை மீறி அதன்மேல் நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1965-இல் 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பென்னைன் வே நடைபாதை முறைப்படி திறந்தது. அது அந்த மேட்டின் வழியாகவே போகிறது. ஆலைப் புகையில் வாழ்கிறவனுக்கும் மூச்சுவிட ஒரு வெளி வேண்டும் என்ற கோரிக்கைதான் அதற்கு வித்து. எண்ணூரிலும் மணலியிலும் திருவொற்றியூரிலும் இருப்பவர்களுக்கு அந்த நியாயம் பொருந்தாதா?

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 தடங்களைத் திறந்தது. நல்ல காரியம். அந்த வரிசையில் இந்தக் கரையும் சேர வேண்டும். மீனவ ஊர்களின் சம்மதத்தோடு, அந்த ஊர் இளைஞர்களும் இருளர்களுமே வழிகாட்ட, காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு வரை ஒரு நடைபாதை. ஆயிரம் பேர் நடந்து அறிந்த கரையைக் காலி இடம் என்று யாரும் எளிதில் எழுதிவிட முடியாது.

நீ மாசி முடிவதற்குள் வா. வெயில் ஏறிவிட்டால் மணலில் கால் வைக்க முடியாது. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கு. அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. குடிக்கத் தண்ணீரும் தலைக்குத் துண்டும் மறக்காதே. வருவதற்கு முன் ஒரு வேலை செய். இந்தத் தடம் வேண்டும் என்று வனத்துறைக்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேன். நீயும் ஒன்று எழுது. உன்னோடு மலை ஏறுகிறவர்களையும் எழுதச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்.