குறியும் காரணமும்

திருக்குறளின் மருந்து அதிகாரத்திலே, நோய் இன்னதெனத் தேர்ந்து, அதன் முதலையும் தேர்ந்து, அதன் பின்பே தணிக்கும் வழியை நாடுமாறு மருத்துவனுக்கு உரைக்கும் குறள் 948ஆவது குறளாகும். அதனைப் பள்ளியில் மனனஞ் செய்தேன். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது பள்ளியிலன்று, கோண்டாவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில், ஒரு பழைய மொறிஸ் மைனர் காரின் திறந்த பொனற்றின் கீழேயாகும். அந்தக் காரின் எஞ்சின் கொள்ளளவும் 948 கன சென்ரிமீற்றரே. இது தற்செயலான ஒற்றுமைதான். ஆயினும் மறக்க முடியாத ஒற்றுமை.

மொறிஸ் மைனர் 1000 என்னும் அவ்வகை 1956இல் வெளிவந்தது. அதன் எஞ்சினைச் சிறிது மாற்றி, எஸ்.யூ. காபரேற்றர் ஒன்றுக்குப் பதிலாக இரண்டைப் பூட்டி, 1958இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் விளையாட்டுக் காரை மொன்ரி கார்லோவில் வெளியிட்டனர். தவளைக் கண்போன்ற விளக்குகளையுடைய அந்தக் கார் எங்கள் வீதிகளில் ஓடியதை நான் கண்டதில்லை. ஆயினும் அதன் இதயத்தைக் கழற்றிப் பூட்டிப் பழகியவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையுண்டு.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்ட பின்னர், குடாநாட்டுக்கு வரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பெற்றோலும் ஒன்றாயிற்று. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகையால், போத்தலிற் பேணிவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை எழுப்புவர். சூடேறிய பின் மண்ணெண்ணெய் வேலையைத் தொடரும். அது உரிய வேளைக்கு முன் எரிந்து 'தட்டும்' இயல்புடையது என்பதால், பற்றவைக்கும் நேரத்தைச் சற்றுப் பிந்தவைப்பதும் உண்டு. அமுக்க விகிதம் குறைந்த பழைய பிரித்தானியக் கார்கள் இந்தக் கொடுமையைப் புதியவற்றிலும் பார்க்க எளிதாகத் தாங்கின. அப்பாவின் மொறிஸ் மைனர் இவ்வாறு எங்கள் ஒழுங்கையின் நோயாளர் வண்டியாயிற்று.

1992 மாரிக்காலத்து இரவொன்றிலே அயல்வீட்டு அக்காவுக்குப் பிரசவ வேதனை தொடங்கியது. அப்பா அன்று வெளியூரில் இருந்தார். உயர்தர வகுப்பிற் கணிதம் பயின்றுகொண்டிருந்த நான், வண்டியைப் பற்றி எல்லாம் அறிந்தவன் என்ற எண்ணத்தோடு சாவியை எடுத்தேன். மாலைவரை ஓடிய வண்டி எழும்ப மறுத்தது. அரிக்கன் லாம்பின் ஒளியில் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். கொண்டென்சரை மாற்றினேன். பெற்றோல் துளிகளை விட்டேன்; பின்பு மீண்டும் விட்டேன்; போத்தலே வெறுமையாயிற்று. அக்கா திண்ணையில் தூணைப் பிடித்தபடி நின்றார். அவரின் தாயார், "தம்பி, இன்னும் கொஞ்சம் செல்லுமோ?" என்று கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அரைமணி நேரம் கழிந்தபின், இரண்டு வீடு தள்ளியிருந்தவர் தமது லான்ட்மாஸ்ரரைக் கொண்டுவந்தார். அதன் பெட்டியிலே பாயை விரித்து அவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். தாயும் சேயும் நலம் பெற்றனர். அந்த நலத்தில் எனக்குப் பங்கில்லை.

மறுநாட் காலை எங்கள் ஊர் மெக்கானிக் வந்தார். அவரை எல்லோரும் மாமா என்றே அழைப்போம். அவர் ஆயுதம் எதனையும் எடுக்கவில்லை, கேள்விகளையே எடுத்தார்.

"சாவியைத் திருப்பேக்கை பம்ப் தட்டினதோ?"

"தட்டினது, மாமா. பிறகு நிண்டிட்டுது."

"சரி, எண்ணெய் வந்திருக்கு. ஹான்டில் சுத்தேக்கை இறுக்கம் இருந்ததோ?"

"ரெண்டு சுத்துக்கு நாலு தரம் இருந்தது."

"அப்ப அமுக்கமும் இருக்கு. பிளக் எப்பிடி?"

"நனைஞ்சு இருந்தது."

அவர் சிரித்தார். "தம்பி, வண்டி உமக்கு எல்லாத்தையும் சொல்லியிருக்கு. நீர்தான் கேக்கேல்லை."

எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: எரிபொருள், அமுக்கம், தீப்பொறி. மின்பம்ப் சிறிது நேரம் தட்டி ஓய்ந்தது முதலாவதற்குச் சான்று. கைப்பிடியின் இறுக்கம் இரண்டாவதற்குச் சான்று. நனைந்த பிளக்கோ, எண்ணெய் வருகிறது, தீ வரவில்லை என்று உரைக்கும் மூன்றாம் சாட்சி. எஞ்சியது தீப்பொறி ஒன்றே. அந்த ஒன்றைச் சோதியாது, இருக்கின்ற எரிபொருளுக்கே மேலும் எரிபொருள் வார்த்தவன் நான்.

மாமா ஒரு சிறு பல்பின் ஒரு வயரைக் கொயிலின் டிஸ்ரிபியூட்டர்ப் பக்கத்து முனையிலும் மற்றையதை எஞ்சின் உடலிலும் வைத்து, ஹான்டிலைச் சுற்றச் சொன்னார். பொயின்ற் மூடும்போது அணைந்து, திறக்கும்போது எரிய வேண்டிய பல்ப், அணையாமலே எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் கொயில்வரை வருகிறது. அதற்கப்பால் பாதை அறுந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. டிஸ்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளேயிருந்த குறுகிய வயரை இரு விரலால் மெல்ல இழுத்தார். அது இறப்பர்போல நீண்டது. மேலுறை முழுமையாக இருக்க, உள்ளே செப்புக் கம்பி அறுந்திருந்தது. அத்தட்டு அசையுந்தோறும் வளைந்து வளைந்து களைத்த கம்பி அது. அரைச்சாண் வயரில் வேலை முடிந்தது. அந்த வயரை நான் இரவு கண்ணாற் பார்த்து, 'இது நன்றாயிருக்கிறது' என்று கடந்து சென்றிருந்தேன்.

சில மாதங்களின் பின் வேறொரு பாடம் கிடைத்தது. எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தபோது மட்டம் சற்று உயர்ந்திருக்கக் கண்டேன். எஞ்சின் எண்ணெய் குடிக்கவில்லை என மகிழ்ந்து மாமாவிடம் கூறினேன். அவர் கோலின் நுனியை விரலிடையே தேய்த்து முகர்ந்தார். "எண்ணெய் தானாப் பெருகுமோ, தம்பி?" என்று மட்டும் கேட்டார். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே கீழிறங்கி எண்ணெயுடன் கலந்து, அதனை நீர்க்கச் செய்திருந்தது. அவ்வாறே ஓட்டியிருப்பின் பெயறிங்குகள் தேய்ந்து எஞ்சினே அழிந்திருக்கும். நலத்தின் குறியென நான் கொண்டது நோயின் குறியாயிருந்தது.

இன்றைய கார்களிற் கருவியொன்றைச் செருகியதும் கோளாறின் எண் திரையில் தோன்றுகிறது. நன்றே, ஆயினும் அவ்வெண் காட்டுவது பெரும்பாலும் குறியையே, காரணத்தை மனிதனே தேட வேண்டும். எதைச் சோதித்தோம், எதைச் சோதியாமல் நம்பினோம் என்ற கணக்கைப் பேணுதலே அத்தேடலின் முதற்படி. எஞ்சினுக்கு மட்டுமன்று, நாம் எழுதும் ஆய்வுகளுக்கும் நாம் கூறும் தீர்ப்புகளுக்கும் இது பொருந்தும் என்றே கருதுகிறேன்.

அந்த இரவிற் பிறந்த பிள்ளைக்கு முப்பது வயது கடந்துவிட்டது. ஊருக்குப் போகும்போது என்னைக் கண்டால் மரியாதையோடு சைக்கிளை விட்டிறங்கி நலம் விசாரிப்பான். அவனுடைய தாயைத் திண்ணையில் நிற்கவைத்து நான் வீணாக்கிய அரைமணி நேரத்தைப் பற்றி அவனிடம் இன்னும் கூறவில்லை.