அகராதியில் இல்லாத அப்பா

ஆங்கிலம் நன்றாக எழுதுகிறவன் என்று கல்லூரி நாளில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டே ஒரு நாள் நான் தலைகுனிந்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தஞ்சாவூரில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி ஆண்டு மலருக்காக ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். மற்ற நாடுகளெல்லாம் சேர்ந்து ஒதுக்கிவைத்த ஒரு தேசத்தைப் பற்றியது. அந்தத் தேசத்தைப் 'பரையா' என்று வர்ணித்திருந்தேன். ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிக்கடி கண்ணில் படுகிற வார்த்தைதானே! பேராசிரியரும் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, 'பேஷ்!' என்றார்.

ஹாஸ்டலுக்கு வந்து அறை நண்பனிடம் பெருமையாகக் காட்டினேன். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரன் அவன். அவனுடைய அப்பா வயலில் கூலி வேலை செய்வார். சாவு, திருவிழா என்றால் பறை அடிப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவருக்கும் நான் எழுதிய வார்த்தைக்கும் சம்பந்தம் உண்டென்பது என் மூளைக்கு எட்டவே இல்லை!

அவன் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். "இது எங்க ஜாதிப் பேருடா" என்றான்.

"அகராதியைப் பாரு. ஒதுக்கப்பட்டவன்னுதான் போட்டிருக்கு" என்றேன், அசட்டுத் தைரியத்தோடு.

"அர்த்தம் இருக்கு, சரி. எங்க அப்பா அதிலே இருக்காரா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நூலகத்தில் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற பழைய அகராதியைப் புரட்டினேன். அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், நம் தஞ்சாவூரிலேயே ஜட்ஜாக இருந்தவர். அரண்மனையிலிருந்த வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். 1882-ல் அவர் காலமானார். 1886-ல் அகராதி வெளிவந்தது. பறை என்ற வாத்தியத்தை ஒட்டி வந்த பெயர், ஒரு பெரிய சமூகத்தின் பெயர் என்று அதில் கண்டிருந்தது. ஜாதியை விட்டுத் தள்ளப்பட்டவன் என்ற பொருளில் அதை வழங்குவது பிசகு என்றும் அன்றைக்கே எழுதிவைத்திருந்தார்கள்!

'கூலி' கதையும் இப்படித்தான். நமக்கு அது உழைப்புக்குக் கொடுக்கும் காசு, நெல். வெள்ளைக்காரர் வாயிலோ உழைக்கிற மனிதனையே குறிக்கும் வசையாகிவிட்டது. 1893-ல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளையே அங்கே 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள்.

ஆனால் வெள்ளைக்காரர் மீது மட்டும் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. பறையர் என்ற பெயரில் அவர்கள் ஏற்றிய இழிவு, நம் ஊர்த் தெருக்களில் நாம் வளர்த்து வைத்திருந்ததுதானே? சொல்லோடு சேர்த்து அதையும் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். நான் அதை வாங்கி மறுபடி நண்பன் வீட்டு வாசலிலேயே கொட்டினேன்.

கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அந்த வார்த்தையை அடித்துவிட்டுச் சாதாரணமான ஒன்றைப் போட்டேன். "பழையதிலிருந்த காரம் இல்லையே!" என்று பேராசிரியர் குறைபட்டார். அந்தக் காரம் யார் கண்ணில் விழுந்தது என்று பார்த்தவன் நான். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு நண்பன் என்னைத் தன் ஊருக்கு அழைத்துப் போனான். வாசலில் அவன் அப்பா வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டி, ஒலி கூடிவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்டார்.

"தம்பி இங்கிலீஷ்லே கெட்டிக்காரராமே! இதுக்கு இங்கிலீஷ்லே என்ன பேரு?" என்றார்.

நண்பன் என் முகத்தைப் பார்த்தான்.

"பறைதாங்க. அதுக்கு வேறே பேரு கிடையாது" என்றேன்.

பெரியவர் சிரித்துக்கொண்டே குச்சிகளை எடுத்தார்.