சுமையும் ஏற்றமும்

மலையகத்துத் தோட்டங்களில் ‘மலைக்குப் போதல்’ என்னும் தொடருக்கு ஒரே பொருள்தான் உண்டு. தேயிலை நிற்கும் சரிவையே அங்குள்ள மக்கள் மலை என்கின்றனர். ‘இன்றைக்கு எந்த மலை?’ என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், இன்று எந்தப் பகுதியிற் கொழுந்தெடுப்பு என்பதே கேள்வி. மலைக்குப் போனால் பேர் விழும். பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. விடுமுறை நாட்களில் முதுகிற் பையைக் கட்டிக்கொண்டு ‘மலைக்குப் போகிறேன்’ என்று நான் கூறும்போது என் மாணவர் சிலரின் முகத்தில் மெல்லிய வியப்புத் தோன்றுவது இதனாலேதான். சம்பளமில்லாமல் யாராவது மலைக்குப் போவார்களா?

நான் பனையைவிட உயர்ந்த எதனையும் காணாத வடபுலத்துச் சமவெளியிற் பிறந்தவன். பேராதனையிலே தமிழ் படித்த காலத்தில் விடுதிக்குப் பின்னால் நின்ற ஹந்தானைத் தொடர்தான் எனக்கு இப்பழக்கத்தைப் பிடித்துவைத்தது. இன்று ஊவாவில் ஒரு பாடசாலையிற் கற்பிக்கிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு தடவையாவது ஏதாவதொரு கடினமான ஏற்றத்தை நாடிச் செல்கிறேன். ஆசிரியர் அறையிலே தோழர் ஒருவர் இதனை ஓய்வுள்ள வர்க்கத்தின் வீண் விளையாட்டு என்பார். அவர் கூற்றிற் பாதி உண்மையுண்டு. உடலின் எல்லையை உடலாலேயே அறிவதில் ஓர் இன்பமும் அறிவும் உள்ளன என்பதையும், அந்த இன்பம் ஒரு வர்க்கத்துக்கு மாத்திரம் உரியதாய் இருக்கவேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை என்பதையும் அவர் மறந்துவிடுகிறார்.

நம் நாட்டில் கடினமான ஏற்றம் யாது என்று கேட்டால் பலரும் சிவனொளிபாத மலையையே சொல்வர். அது 2,243 மீற்றர் உயரம். அட்டன் பக்கமாக நல்லதண்ணியிலிருந்து ஏறுவோர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளைக் கடக்கின்றனர். எனினும் அவர்கள் உண்மையில் ஏறும் உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர்தான். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதைகளோ 500 மீற்றருக்கும் கீழே தொடங்குகின்றன. ஏறவேண்டியது 1,700 மீற்றருக்கும் அதிகம், அதுவும் மழைக்காட்டினூடே. டிசம்பர்ப் போயாவிலிருந்து வெசாக் வரையுள்ள யாத்திரைக் காலம் கழிந்தபின் விளக்குகள் இல்லை, கடைகள் இல்லை. காற்றும் மழையும் அட்டையுமே துணை. அட்டைக்குச் சவர்க்காரத்தைக் கணுக்காலில் உலரப் பூசிக்கொள்வதே நான் கண்ட மருந்து. உப்பு மழையிற் கரைந்துவிடும்.

இம்மலையில் 1344ஆம் ஆண்டு ஏறிய இபின் பதூதா, அங்கு இரண்டு வழிகள் இருந்தன என்கிறான். ஆதாமின் பெயரால் பாபா வழி, ஏவாளின் பெயரால் மாமா வழி. பின்னது இலகுவானது, திரும்பி வருவோர்க்கு உரியது. அதன் வழியே ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே பிறர் மதிப்பதில்லையாம். ஆகவே கடினமான பாதையைத் தேர்ந்தேறிப் பெருமை கொள்ளுதல் நம் காலத்து மலைநடையாளர் கண்டுபிடித்த சங்கதியன்று. ஆனால் அதே குறிப்பில் வேறொரு செய்தியும் உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அந்தப் பயணிக்கு ஒரு பல்லக்கும் அதைச் சுமக்க அடிமைகளும் கொடுத்து, யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தார் பதின்மர் ஆகியோருடன் உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேரையும் அனுப்பினான். பயணி எந்த வழியாக ஏறினான் என்பதை ஏழு நூற்றாண்டாக உலகம் படிக்கிறது. அந்தப் பதினைந்து பேரும் எந்த வழியாக, எவ்வளவு பாரத்துடன் ஏறினர் என்பதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழிலும் மலைவழிக்கு ஒரு பழைய வழிகாட்டி உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்வது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியிலிருக்கும், ஆகையால் விடிந்தபின் நடவுங்கள். பாம்புறையும் குழிகள் உண்டு. யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கற்கள் வரும், மரத்தின் பின்னே மறைந்து செல்லுங்கள். பாசி படிந்த பாறை வழுக்கும், கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள் என்பன போன்ற எச்சரிக்கைகள் அதில் நிரம்பியுள்ளன. பல்கலைக்கழகத்தில் இதனை இயற்கை வருணனையாகவே படித்தோம். மழைக்காலத்தில் ஒரு மலையில் ஏறியிறங்கிய பின் படித்தால், அது கால்களால் அறிந்த ஒருவனின் நூல் என்பது புலனாகும். அதிலும் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்நூல் வழி சொல்வது ஓய்வுக்காக நடப்பவனுக்கன்று. பசித்த சுற்றத்தோடு இசைக்கருவிகளையும் சுமந்துகொண்டு புரவலனைத் தேடும் கலைஞனுக்கு.

இன்றைய வழிகாட்டிகள் பாதைகளை இலகு, நடுத்தரம், கடினம் எனத் தரம் பிரிக்கின்றன. தூரம், சரிவு, ஏறும் உயரம், ஆறு கடக்கும் இடங்கள் எல்லாம் கணக்கிடப்படுகின்றன. சுமை கணக்கில் இல்லை. நாளுக்குப் பதினெட்டோ இருபதோ கிலோ கொழுந்து எடுத்தாகவேண்டும் என்னும் நியதியோடு, நெற்றியிற் கயிறு பதியக் கூடையைச் சுமந்து, ஈரச் சரிவிலே நாள்முழுதும் நிற்பவளின் பாதை எந்தத் தரத்தில் அடங்கும்?

ஹந்தானையிற் புறப்பட்டு நுவரெலியாவில் முடியும் பீக்கோ பாதை 300 கிலோமீற்றருக்கும் நீண்டது. 22 கட்டங்களாக வகுக்கப்பட்டது. அதன் சில கட்டங்களை நடந்திருக்கிறேன். நல்ல முயற்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதன்று. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் துரைமாரின் குதிரைக்கும் விளைபொருளின் போக்குவரத்துக்குமாகத் தோட்டத்துக் கைகள் வெட்டிய பாதைகளே இன்று நடைவழியாகியுள்ளன. அந்தக் கைகள் அதற்கு முன்னரே, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேற்பட்ட வழியைக் கால்நடையாகக் கடந்து வந்தவர்களுடையவை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023 யூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்டோர் 16 நாட்களில் மாத்தளையை அடைந்தனர். கடினமான நடைவழிகளின் பட்டியலொன்றை என்னைத் தயாரிக்கச் சொன்னால் அதனையே முதலில் எழுதுவேன்.

சென்ற ஆண்டு நமுனுகுலைக்கு ஏறினோம். 2,036 மீற்றர். ஒன்பது முகடுகள் என்பது அப்பெயரின் பொருள் என்பர். மூடுபனியில் ஒன்றுதான் தெரிந்தது. எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி. எங்கள் கால்களில் விலையுயர்ந்த சப்பாத்துகள். அவருக்கு றப்பர்ச் செருப்பு. அதையும் சறுக்கலான இடத்திற் கழற்றிக் கையிலெடுத்துக்கொண்டார். மானாப்புல் இடுப்பளவு வளர்ந்த சரிவிலே நிலம் கண்ணுக்குத் தெரியாது. கோலால் தட்டி ஓசையைக் கேட்டே குழியையும் கல்லையும் அவர் பிரித்தறிந்தார். இறங்கும்போது பாதத்தைக் குறுக்காக வைக்கச் சொன்னார். பனி மூடியதும் எங்களை அப்படியே உட்காரவைத்துவிட்டார்.

“மூட்டத்துக்குள்ள நடக்கிறவன் பள்ளத்தைத்தான் கண்டுபிடிப்பான், மாஸ்டர். இருங்க, தானா விலகும்.”

முக்கால் மணி நேரம் இருந்தோம். நாற்பது ஆண்டுகள் இதே சரிவுகளில் ஐம்பது கிலோ உரமூட்டைகளைத் தோளிற் சுமந்ததாக அப்போதுதான் சொன்னார். ‘அனுபவமுள்ள மலைநடையாளர்’ என்னும் தொடரை நூல்களிற் காணும்போதெல்லாம் இப்போது எனக்கு அவர் முகமே நினைவுக்கு வருகிறது. அந்நூல்களோ அவரைக் கருதி அதனை எழுதவில்லை.

இறங்கியபின் தம் லயத்துக்கு அழைத்துச்சென்று தேநீர் தந்தார். பின்சுவரிலே மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே பழைய கலண்டர்த் தாளின் துண்டொன்றைப் பசைபோட்டு ஒட்டியிருந்தார். தாள் கிழிந்தால் வெடிப்பு விரிகிறது என்பது அவர் கணக்கு. மலை நகர்வதற்கு முன் நிலத்தில் பிளவு தோன்றும், கதவு இறுகும், ஊற்றுநீர் கலங்கும் அல்லது திடீரெனப் புதிய இடத்திற் பீறிடும், மரங்கள் சாயும் என்று அவர் ஒவ்வொன்றாய்ச் சொன்னார். நிலச்சரிவை ஆய்வோர் சொல்லும் அறிகுறிகளும் இவையே.

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையாற் பல பிள்ளைகள் உயிர் தப்பினர். மாலையில் அவர்கள் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தின் பல பகுதிகளில் மீண்டும் மண் சரிந்தது. அறியாமையால் மக்கள் அங்கே இருந்தனர் என்று எழுதுவோர் உளர். மலையின் அசைவை ஒரு காகிதத் துண்டால் அளக்கத் தெரிந்தவர்களுக்கு அறியாமை எங்கிருந்து வந்தது? அவர்களிடம் இல்லாதது அறிவன்று. பெயர்ந்து சென்று குடிசை போடுவதற்குத் தமக்கென ஒரு துண்டு நிலம். லயமும் தோட்டத்தினுடையது, லயம் நிற்கும் மண்ணும் தோட்டத்தினுடையது.

“இந்தத் தாள் எப்போது ஒட்டியது, ஐயா?” என்று கேட்டேன்.

“இது ரெண்டாவது. மொதத் தாளு ஆடி மழையில கிழிஞ்சிருச்சி.”

“தோட்டத்தில் சொன்னீர்களா?”

“சொன்னேன். எழுதிக்கிட்டுப் போனாங்க.” பின்னர் என் கோப்பையைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, மாஸ்டர்? பஸ் வர நேரமிருக்கு” என்றார்.