மூலைக்கு மூலை

கிழக்கிலங்கையில் எங்கள் ஊர்ப் பக்கம் பெண் பிள்ளை பிறந்துவிட்டால், பெற்றோர் அவளுக்கொரு வீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். ராத்தாவுக்கு வீடு கட்டுவதற்காகத்தான் வாப்பா கட்டாருக்குப் போனார். அவர் அனுப்பும் காசு கல்லாகவும் சீமெந்தாகவும் மாறுவதைப் பார்த்துக்கொள்ள உம்மாவும் ராத்தாவும் நானும்தான் இருந்தோம். எனக்குக் கணிதம் பிடிக்கும் என்பதால் பிளான் என் பொறுப்பாயிற்று.

"எழுதியிருக்கிற அளவப் பாருங்க மகள். அடிமட்டம் வெச்சு அளக்க வேணாம்" என்று வாப்பா தொலைபேசியில் சொன்னார். காரணம் பிறகு விளங்கியது. எங்கள் பிளான் 1:100 அளவிடையில் வரையப்பட்டது. தாளில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் நிலத்தில் 10 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய 4 அங்குலம் பிசகும். போட்டோப் பிரதி எடுக்கும்போதும் படம் சுருங்கலாம், விரியலாம். எழுதிய எண் மாறாது.

அந்த எண்களையும் முதலில் கூட்டிப் பார்த்தேன். வீட்டின் வெளி அகலம் 24 அடி. உள்ளே ஓர் அறை 10 அடி 6 அங்குலம், மற்றது 12 அடி. சுவர்கள் மூன்று, ஒவ்வொன்றும் 6 அங்குலம். கூட்டினால் 24 அடி சரியாக வந்தது. சுவர்களைச் சேர்க்காமல் கூட்டுபவருக்கு ஒன்றரை அடி காணாமல் போயிருக்கும்.

அத்திவாரம் வெட்டுவதற்கு முதல் நாள் மேசன் பாஸ் முளை அடித்து நூல் கட்டினார். நான்கு பக்கங்களையும் அளந்தோம். 24, 32, 24, 32. பிளானில் உள்ளபடியே இருந்தன. உம்மாவுக்கு நிம்மதி.

ஆனால் நான்கு பக்கமும் சரியாக இருந்தும் ஒரு வீடு கோணலாக இருக்கலாம். நான்கு ஈர்க்கிலை நூலால் பிணைத்துச் சதுரம் செய்து, ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். பக்கங்களின் நீளம் மாறாது, மூலைகள் மட்டும் சரியும். அதனால்தான் மூலைக்கு மூலை அளக்க வேண்டும். பைதகரசின் தேற்றப்படி 24, 32 என்றால் மூலைவிட்டம் 40. வகுப்பில் படித்த 3, 4, 5 தான், எட்டால் பெருக்கியிருக்கிறது.

"வேணாம் புள்ள, பாஸ் கோவிப்பாரு" என்று உம்மா என் கையைப் பிடித்தா. அவ பயந்ததிலும் நியாயம் இருந்தது. ஊரில் நல்ல மேசன் கிடைப்பது இலேசல்ல. ஆனாலும் வாப்பா வெயிலில் உழைத்த காசு அந்த நூலுக்குள் இறங்கப்போகிறதே!

"மூலைக்கு மூலை ஒருக்காப் புடிச்சுப் பார்ப்பமா, பாஸ் மாமா?" என்று கேட்டேன்.

"வாங்க மகள், நுனியப் புடிங்க" என்றார்.

ஒரு மூலைவிட்டம் 40 அடி 4 அங்குலம். மற்றது 39 அடி 8 அங்குலம்.

பாஸ் மாமா பேசாமல் பக்கத்து வேலியைப் பார்த்தார். "வேலியோட ஒட்டி நூலப் புடிச்சன். வேலி றோட்டுக்கு நேரா இல்ல" என்றார். பின்பக்கத்து இரண்டு முளைகளையும் ஆறரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நகர்த்தி அடித்தார். மீண்டும் அளந்தோம். இரண்டும் 40.

அரை மணித்தியாலம் போனது. ஒரு சதமும் செலவாகவில்லை. அந்தக் கோணல் கொங்கிறீற்றுக்குள் போயிருந்தால் தரை ஓடு பதிக்கும்போதும் கூரை போடும்போதும் ஒவ்வொரு முறையும் வெளியே தலைகாட்டியிருக்கும்.

அதன் பிறகு அவரே என்னைக் கூப்பிட்டு அளவு நாடா பிடிக்கச் சொல்வார். நாடாவின் நுனிக் கொக்கி ஏன் சற்று ஆடுகிறது என்பதையும் அவர்தான் காட்டித் தந்தார். உட்பக்கம் அளந்தாலும் வெளிப்பக்கம் அளந்தாலும் கணக்குச் சரியாக வருவதற்காக, கொக்கி தன் தடிப்பளவு நகர்கிறதாம்.

அளந்து பார்ப்பதை நம் பெண்கள் பலர் சந்தேகப்படுவதாக எண்ணித் தயங்குகிறோம். நல்ல வேலைக்காரர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. நாடாவுக்கு இரண்டு நுனிகள் இருக்கின்றன. ஒன்றை நாம் பிடித்தால் அவருக்கும் வேலை இலேசு.